மெஸ்ஸில் நடக்கும் பாடம்

கல்லூரிகளில் ஈவிஎஸ் எனப்படும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமாகி இருபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. லட்சோப லட்சம் பேர் எழுதி, பாஸாகி வெளியே வந்துவிட்டார்கள். அவர்களுடைய பழக்கம் மாறியிருக்கிறதா?

இரவு ஒன்பதரை மணி. மாவட்டத் தலைநகர் ஒன்றில், கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடை. மறுநாள் காலை ஈவிஎஸ் பரீட்சை. கடை முன்னால் இருபது பேருக்குக் குறையாமல் நெருக்கியடித்து நிற்கிறார்கள்.

"அண்ணா, ஈவிஎஸ் இம்பார்ட்டன்ட் ரெண்டு செட்!"

"அண்ணா, எனக்கு மைக்ரோ போட்டுக் குடுங்கண்ணா!"

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மெஷின் சூடேறித் தாளைக் கவ்விக்கொள்கிறது. அவர் கதவைத் திறந்து, சிக்கிய தாளை உருவி, கசக்கிக் காலடியில் போடுகிறார். அங்கே ஏற்கெனவே ஒரு சிறு குவியல். கையெட்டும் தூரத்தில் கிடந்த ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். 'காகிதப் பயன்பாட்டைக் குறைக்கும் வழிகள் யாவை? ஐந்து மதிப்பெண்.' தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

பக்கத்தில் நின்ற பையன் பி.காம் முதலாண்டு. "ரெண்டு பக்கமும் போட்டா தாள் பாதியாயிடுமேப்பா?" என்று கேட்டேன். "ஆகும் சார். ஆனா காலையில பாத்துட்டுத் தூக்கிப் போடப்போறதுதானே?" என்றான். சொன்ன கையோடு, "ரெட்யூஸ், ரீயூஸ், ரீசைக்கிள். இது கண்டிப்பா வரும் சார்" என்று எனக்கு விளக்கமும் கொடுத்தான். வரிசை மாறாமல், உதாரணத்தோடு சொன்னான்.

அவனைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அந்தப் பாடம் அவனிடம் வந்து சேர்ந்த விதம் அப்படி. சூழலைப் பற்றி ஒரு கல்லூரி தன் மாணவர்களுக்கு இரண்டு பாடங்கள் நடத்துகிறது. ஒன்று வகுப்பறையில், கரும்பலகையில். இன்னொன்று மெஸ்ஸில், கேன்டீனில், ஒழுகும் குழாயடியில், புராஜெக்ட் ரிப்போர்ட்டைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அடித்துக் கொண்டுவர வேண்டும் என்ற விதியில். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது மாணவர்கள் நம்புவது இரண்டாவதைத்தான். மூன்று ஆண்டுகள், நான்கு ஆண்டுகள் தினமும் நடக்கிற பாடம் அது.

வழக்கு கொண்டுவந்த வகுப்பு

இந்தப் பாடம் நீதிமன்றத்தின் வழியாக வந்தது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. திரையரங்குகளில் சுற்றுச்சூழல் ஸ்லைடு காட்ட வேண்டும், வானொலியும் தொலைக்காட்சியும் நேரம் ஒதுக்க வேண்டும், பள்ளியிலும் கல்லூரியிலும் சுற்றுச்சூழலைப் பாடமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஸ்லைடுகள் வந்து போயின. பாடம் வரத் தாமதமானது. 2003-ல் நீதிமன்றம் மறுபடி வலியுறுத்திய பிறகுதான், எந்தத் துறையில் படித்தாலும் இளநிலை மாணவர்கள் அனைவருக்கும் ஆறு மாதப் பாடம் என்று பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தது. அதற்கான பாடநூலை எழுதியவர் புணேயைச் சேர்ந்த எராக் பரூச்சா. அறுவை சிகிச்சை மருத்துவர். காடுகளில் அலைந்து திரிந்தவர். களத்தில் இறங்கிப் படிக்கச் சொன்ன அந்தப் பாடத்தை, நம் கல்லூரிகள் கைடு புத்தகமாக்கிவிட்டன.

━━━━━━━━━━
ஐம்பதில் ஐந்து
மானியக் குழு வகுத்த முதல் பாடத்திட்டத்தில் 8 அலகுகள், 50 வகுப்புகள். அதில் களப்பணிக்கு 5. மதிப்பெண் 100-ல் எழுத்துத் தேர்வுக்கு 75, களப்பணிக்கு 25. பக்கத்திலிருக்கும் ஆறு, குளம், காடு, குப்பைமேடு, வயல் என ஏதாவது ஓரிடத்துக்குப் போய்ப் பார்த்துப் பதிவுசெய்ய வேண்டும் என்பதுதான் களப்பணி. போகாமலேயே சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி அந்த 25-ஐ வாங்கிவிடலாம் என்பது எல்லா ஹாஸ்டலுக்கும் தெரியும்.
━━━━━━━━━━

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் இது பகுதி நான்கில் வருகிறது. பல பல்கலைக்கழகங்களில் வகுப்பும் ரேங்கும் முடிவாவது முதன்மைப் பாடங்கள் அடங்கிய பகுதி மூன்றை வைத்து. ஆகவே பாஸானால் போதும். நடத்துவதற்கும் தனி ஆசிரியர் பெரும்பாலும் கிடையாது. எந்தத் துறையில் வொர்க்லோடு குறைகிறதோ, அந்தத் துறை ஆசிரியர் தலையில் விழும். தமிழ் ஆசிரியர் ஓசோனை நடத்தியதையும், கணித ஆசிரியர் ஈரநிலத்தை நடத்தியதையும் கேட்டிருக்கிறேன். அவர்களில் சிலர் பிரமாதமாக நடத்தினார்கள். ஆனால், யார் எடுத்தாலும் சரி என்று ஒரு பாடம் ஒதுக்கப்படும்போதே, அது எவ்வளவு முக்கியம் என்பதை மாணவர்கள் கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

தெரிகிறது, கை வரவில்லை

ஒரு கல்லூரியில் நீடித்த வளர்ச்சி பற்றிய கருத்தரங்கம். என்னையும் பேச அழைத்திருந்தார்கள். வாசலில் இருபதடி ஃப்ளெக்ஸ். உள்ளே போனதும் ஒரு பையைக் கொடுத்தார்கள்: துணி மாதிரியே இருக்கிற, ஆனால் துணியல்லாத நான்-ஓவன் பை. பதினோரு மணிக்குப் பேப்பர் கப்பில் டீ. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களின் பட்டியலில் அந்தப் பையும் இருக்கிறது, அந்தக் கப்பும் இருக்கிறது. பேப்பர் என்று பெயரே தவிர, டீ ஒழுகாமல் தாங்குவது உள்ளே பூசிய மெல்லிய பிளாஸ்டிக். மேடையில் பேசிய மாணவி அந்தத் தடை அரசாணையைத் தேதியோடு சொன்னாள். நன்றாகப் பேசினாள். இறங்கி வந்தவள் கையிலும் அதே கப்.

ஏற்பாடு செய்த பேராசிரியர் நல்ல மனிதர். ஓய்வு நேரத்தில் அவரிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "எவர்சில்வர் டம்ளர் இருநூறு இருக்கு சார், ஸ்டோர்ல. கழுவ ஆள் கேட்டா குடுக்க மாட்டாங்க" என்றார். இந்த ஒரு பதிலுக்குள் பெரிய விஷயம் இருக்கிறது. டம்ளர் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, மனமும் இருக்கிறது. கழுவுகிற கைக்கு நிர்வாகம் சம்பளம் ஒதுக்கவில்லை.

அறிவைக் கொடுத்தால் மனப்பான்மை மாறும், மனப்பான்மை மாறினால் நடத்தை மாறும் என்றுதான் 1970-களில் கல்வியாளர்கள் பலர் நினைத்தார்கள். அந்தக் கணக்கு ஏன் தப்பாகிறது என்பதை அஞ்சா கோல்முஸ், ஜூலியன் அஜெமன் என்ற இருவர் 2002-ல் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். துறையில் இன்றும் அதிகம் பேசப்படும் கட்டுரை அது. தெரிந்திருப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் வசதி, செலவு, பழக்கம், சுற்றியிருப்பவர்கள் செய்வது எனப் பல தடைகள் நிற்கின்றன. இதை வெறும் மனித பலவீனம் என்று கைகழுவிவிட முடியாது. அந்தத் தடைகளில் பாதியைக் கல்லூரியே வைத்திருக்கிறது. கல்லூரி நினைத்தால் எடுத்துவிடலாம்.

வாஷ்பேசின் பக்கத்து சிலேட்டு

அப்படியொரு தடையை எடுத்துவிட்ட ஓரிடத்தைப் பார்த்தேன். ஒரு பெண்கள் விடுதி. அங்கே 'டிவைடிங் சிஸ்டம்'. மாதம் முழுக்க ஆன அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ், ஆள் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். தட்டில் மிஞ்சி டிரம்மில் விழுகிற சோற்றுக்கும் சேர்த்துத்தான் எல்லோரும் பணம் கட்டுகிறார்கள். ஆனால், அது பில்லில் தனியாகத் தெரியாது. தெரியாததால் யாருக்கும் வலிக்காது.

அங்கிருந்த வார்டன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கழிவு டிரம்மைத் தராசில் வைத்து நிறுக்கச் சொன்னார். வாஷ்பேசின் பக்கத்தில் ஆணியடித்து ஒரு சிலேட்டு மாட்டினார். முந்தின நாள் எத்தனை கிலோ, அதன் அடக்கவிலை எவ்வளவு என்று சாக்பீஸால் இரண்டே எண்கள். அறிவுரை கிடையாது, அபராதம் கிடையாது. முதல் வாரம் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லையாம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. மறுநாள் எண்ணைப் பார்த்து ஒருத்தி, "அடியே, இது என் ஒரு வார பஸ் காசுடி" என்று கத்தியிருக்கிறாள். அன்றிலிருந்து பேச்சு தொடங்கிவிட்டது. மாணவிகளே மெஸ் கமிட்டியில் உட்கார்ந்து பேசி, எடுத்த எடுப்பில் சோற்றைக் குவிக்காமல் சின்னக் கரண்டியில் பரிமாறச் சொன்னார்கள். வியாழக்கிழமை உப்புமாவை யாரும் சாப்பிடுவதில்லை என்று கண்டுபிடித்து எடுத்தார்கள். நான் போயிருந்த அன்று வரிசையில் காதில் விழுந்துகொண்டே இருந்தது: "அக்கா, பாதிக் கரண்டி போதும்." "அக்கா, மறுபடி வந்து வாங்கிக்கிறேன்."

அந்த வரிசையில் நின்ற மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவி சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. "ஊருக்குப் போனா கல்யாணப் பந்தியிலகூட இலைக்குக் குறுக்க கையை வெச்சு மறிச்சிடுறேன் சார். அம்மா முறைக்கிறாங்க." அந்தப் பெண் ஈவிஎஸ்-ல் என்ன மதிப்பெண் வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை. இலைக்குக் குறுக்கே வைக்கிற அந்தக் கை போதும் எனக்கு.

━━━━━━━━━━
எண்ணைக் கண்ணில் காட்டினால்...
அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள ஓபர்லின் கல்லூரி, 2005-ல் தன் விடுதிகளுக்கு இடையே மின்சாரச் சேமிப்புப் போட்டி நடத்தியது. எவ்வளவு செலவாகிறது என்பதைச் சில விடுதிகளில் மாணவர்கள் உடனுக்குடன் பார்க்க வழிசெய்தார்கள். இரண்டு வாரத்தில் மின்பயன்பாடு 32 சதவிகிதம் குறைந்தது. விடுதிக்கு மொத்தமாக வாரம் ஒருமுறை எண் சொன்ன இடங்களைவிட, மாடிவாரியாக உடனுக்குடன் காட்டிய இடங்களில் இன்னும் அதிகமாகக் குறைந்தது. ஆய்வு முடிவுகள் 2007-ல் வெளியாயின.
━━━━━━━━━━

முதல் செமஸ்டர்

வீட்டைவிட்டு முதன்முதலாக ஹாஸ்டலுக்கு வருகிற பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எல்லாமே புதிது. எத்தனை பக்கெட்டில் குளிப்பது, துணியை எப்போது துவைப்பது, வகுப்புக்கு நடப்பதா, பைக் கேட்டு அப்பாவை நச்சரிப்பதா... எதுவும் இன்னும் படியவில்லை. பழக்கம் உருகி நிற்கிற இந்த நேரத்தில் எந்த அச்சில் ஊற்றுகிறோமோ, அந்த வடிவத்தில் உறையும்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. உளவியலாளர் பாஸ் வெர்ப்ளாங்கனும் அவருடைய குழுவும் பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஊழியர்களிடம் நடத்தி, 2008-ல் வெளியிட்ட ஆய்வு அது. சூழலில் அக்கறை உள்ளவர்களிலேயே, அண்மையில் வீடு மாறியவர்கள் காரில் வருவது குறைவாக இருந்தது. அதே அக்கறை இருந்தும் வீடு மாறாதவர்களிடம் பழைய பழக்கமே ஆட்சி செய்தது.

ஜெர்மனியின் லூனெபுர்க் நகரிலுள்ள லொய்ஃபானா பல்கலைக்கழகம் இந்தத் தருணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. பழைய ராணுவ முகாமில் நடக்கும் பல்கலைக்கழகம் அது. 2007 முதல் அங்கே இளநிலையில் சேர்கிற எல்லோருக்கும், வணிகமோ சட்டமோ கலையோ, முதல் பருவம் பொதுவானது. அறிவியலின் பொறுப்பையும் நீடித்த வளர்ச்சியையும் பற்றிய பகுதி அதற்குள் வருகிறது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்து ஆராய்ந்து, பருவத்தின் கடைசியில் மாநாடு போட்டு முன்வைக்கிறார்கள். வளாகமும் பாடத்துக்கு ஒத்துப்போகிறது. கார்பன் சமநிலை கொண்டதாகத் தன்னை மாற்றிக்கொண்ட பல்கலைக்கழகம் அது.

ஜெர்மனிவரை போவானேன்? 1956-ல் திண்டுக்கல் பக்கம் தொடங்கப்பட்டது காந்திகிராம கிராமிய நிறுவனம். தோற்றுவித்தவர்கள் டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும். மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி வேலை செய்வது அங்கே பட்டப்படிப்பின் அங்கம். ஊர்க் கிணறு வற்றுவது எப்படி என்பதை அந்த ஊரிலேயே நாலு நாள் தண்ணீர் இறைத்துத் தெரிந்துகொள்வது ஒரு முறை. நம் மண்ணில் இருந்த அந்த முறையை மற்ற கல்லூரிகள் எடுத்துக்கொள்ளவில்லை என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

மணலுக்குள் கை

சென்னையில் 1988 முதல் ஒரு குழு ஒவ்வோர் ஆண்டும் இரவில் கடற்கரை ஓரமாக நடக்கிறது. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர். ஜனவரி முதல் சீசன். பங்குனி ஆமைகள் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும். நாய்களும் மனிதர்களும் எடுப்பதற்கு முன்னால் அந்த முட்டைகளைப் பத்திரமாகக் குஞ்சு பொரிப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வேலை அவ்வளவுதான். சம்பளம் கிடையாது. இன்டர்னல் மதிப்பெண்ணும் கிடையாது.

ஒரு பிப்ரவரி இரவில் நானும் போனேன். நடுநிசிக்குமேல் ஈர மணலில் ஒரு தடம். சின்ன டிராக்டர் ஒன்று கடலிலிருந்து ஏறி வந்து திரும்பிப் போனது மாதிரி. தடம் முடிகிற இடத்தில் ஓர் இளைஞர் குச்சியால் மெல்ல, மிக மெல்ல அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் மணல் சற்றே இளகிக் கொடுத்தது. "இங்கதான். நீ தோண்டு" என்று முதல் தடவை வந்த ஒரு மாணவியிடம் சொன்னார். அவள் மண்டியிட்டு, கையாலேயே மணலை அள்ளினாள். முழங்கை வரை போனதும் நின்றுவிட்டாள். "சூடா இருக்குண்ணா" என்றாள் கிசுகிசுப்பாக. முட்டைகள். டேபிள் டென்னிஸ் பந்து அளவில், தொட்டால் மெல்லக் குழிகிற ஓட்டோடு, நூறைத் தாண்டி. ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணி, பையில் வைத்தார்கள். குழியின் ஆழத்தையும் அளந்துகொண்டார்கள். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். மணலின் வெப்பம்தான் குஞ்சு ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது.

பாடத்திட்டத்தில் பல்லுயிர் பற்றிய நான்காம் அலகில் வாழிடப் பாதுகாப்பு, அயலிடப் பாதுகாப்பு, வேறுபடுத்துக என்று ஒரு கேள்வி உண்டு. அந்த மாணவி அதை இனி மறக்கப்போவதில்லை. அதைவிட, அடுத்த மாதம் அவள் வீட்டு மொட்டைமாடி விளக்கை அணைத்துவைப்பாள் என்று எனக்குத் தோன்றியது. கரையோர வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துத் தெருப்பக்கம் ஊர்ந்துவிடுகிற குஞ்சுகளைப் பற்றி அன்றிரவு அவள் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. அந்தச் செய்தியை ஒரு வரிச் செய்தியாகக் கடந்து போகாதவர்கள், ஒரு முறையாவது இப்படி மணலுக்குள் கையை விட்டவர்கள்தான். இழுவை மடி, ஆமை தப்பிக்கும் கருவி, மீனவர் வருமானம் என்று அதன் பின்னாலுள்ள சிக்கல்கள் எல்லாவற்றையும் அவர்கள் தேடிப் படிக்கிறார்கள். கை முதலில் போனது. அறிவு பின்னாலேயே வந்தது.

போட்டோவோடு முடியும் பசுமை

கல்லூரிகளைத் தரப்படுத்தும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் மழைநீர், கழிவு, மின்சாரம், பசுமைத் தணிக்கை எல்லாம் வருகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால், சான்றாக ஜியோ டேக் போட்ட போட்டோக்களைத் தேடி ஓடுவதிலேயே பல கல்லூரிகளின் உழைப்பு கரைந்துவிடுகிறது. மரக்கன்று நட்ட போட்டோ இருக்கும். அதற்குத் தண்ணீர் ஊற்றியவர் போட்டோவில் இருக்க மாட்டார். இந்த ஓட்டத்தில் மாணவர்கள் கற்றுக்கொள்வது போட்டோவுக்கு நிற்பதை மட்டும்தான்.

பட்டம் வாங்கிய பிறகு

தாள் ஜெராக்ஸும் மெஸ் சோறும் சின்ன விஷயம்தானே என்று யாருக்காவது தோன்றினால், அந்தப் பிள்ளைகள் நாளைக்கு எங்கே உட்காரப்போகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

2022-23 முதல் பங்குச் சந்தையில் பட்டியலான முதல் 1,000 நிறுவனங்கள், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு கழிவு என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. அந்தக் கணக்கை எழுதப்போவது ஜெராக்ஸ் கடையில் நின்ற பி.காம் பையனைப் போன்றவர்கள். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி 25 மதிப்பெண் வாங்கப் பழகியவன், போன வருட அறிக்கையைப் பார்த்து எழுதுவதில் என்ன தப்பு என்று நினைத்தால், அந்த எண்களை நம்பி முடிவெடுக்கிற எல்லோரும் ஏமாறுவோம்.

இன்னொரு பக்கம், பள்ளிக்கரணை. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்த சதுப்பு நிலம். தென்சென்னையின் மழைநீரைத் தாங்கி, மெல்ல மெல்லக் கடலுக்கு அனுப்பிய நிலம். இன்று காப்புக்காடாக மிஞ்சியிருப்பது 700 ஹெக்டேருக்கும் கீழே. அதன் நடுவே சாலை போட்டவரும், பெருங்குடிக் குப்பைமேட்டுக்கு அங்கே இடம் குறித்தவரும், கட்டட வரைபடத்தில் கையெழுத்திட்டவரும், வீட்டுக்கடனுக்கு மதிப்பீடு எழுதியவரும் படித்தவர்கள். பெரும்பாலானோர் நல்ல மதிப்பெண்ணோடு பட்டம் வாங்கியிருப்பார்கள். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் முதல் மாடிவரை தண்ணீர் ஏறியபோது படகில் மீட்கப்பட்டவர்களிலும் பட்டதாரிகள் ஏராளம். 2022-ல் காப்புக்காட்டுக்கு வெளியே உள்ள பகுதியையும் சேர்த்து, பள்ளிக்கரணையின் 1,247 ஹெக்டேர் பரப்புக்குச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதைக் காப்பாற்றப்போவதும், அதன் ஓரத்தில் அடுத்த கட்டடத்துக்கு அனுமதி கேட்கப்போவதும் இப்போது கல்லூரியில் இருக்கிறவர்கள்தான்.

போன ஜனவரியில் ஒரு காலை நேரம், பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். ஆழமில்லாத நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. தூரத்தில் குப்பைமேட்டின் மேல் பருந்துகள். எனக்குப் பின்னால் ஏழே முக்காலிலிருந்து எட்டரைக்குள் கல்லூரி பஸ்கள் வரிசையாகப் போயின. மஞ்சள் நிறத்தில், பக்கவாட்டில் பெரிய எழுத்தில் கல்லூரிப் பெயரோடு. ஜன்னலோரம் சாய்ந்து தூங்கும் முகங்கள், போனில் கவிழ்ந்த முகங்கள். ஒரு பஸ்ஸில் ஒரு பெண் மட்டும் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பறவைகளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளைத் தட்டி எழுப்பினாள். அதற்குள் பஸ் தாண்டிவிட்டது.

தினமும் இரண்டு தடவை, நான்கு வருடம் அந்த பஸ் இந்த வழியாகத்தான் போகும். ஈவிஎஸ் களப்பணிக்கு இடம் தேடுகிற பேராசிரியர்களும் அதே பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். வனத்துறையின் சூழல் பூங்கா இந்தச் சாலையிலேயே இருக்கிறது. ஐந்து மணி நேரம் களப்பணி என்று மானியக் குழுவின் முதல் பாடத்திட்டம் சொன்னது. ஒரு நாள் காலை, டிரைவர் அண்ணனிடம் சொல்லி பஸ்ஸை ஓரங்கட்டினால் அதை இங்கேயே தொடங்கிவிடலாம்.